சிவப்பு எழுத்தில் ஒரு வரி

உங்கள் ஸ்டேஷன் ரைட்டரின் கம்ப்யூட்டரில், உலாவியின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன நீலக் கட்டம் இருக்கிறது. அது நான் செய்தது. அதை அழுத்தினால் திரையில் தெரிகிற பகுதியோடு, கீழே உருட்டினால் வருகிற பகுதியையும் சேர்த்து, வலைப்பக்கம் முழுவதையும் ஒரே படமாக எடுத்துக் கொடுக்கும். உள்ளே வரும்போதே கவனித்தேன். முன்பின் தெரியாதவர்கள் நம் பொருளைப் பயன்படுத்துவதைப் பார்த்தால் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

அதை அழிக்கச் சொல்ல வேண்டாம் சார். உங்கள் கம்ப்யூட்டரில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்யும். ஒரே ஓர் இணையதளத்தில், ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. அந்த ஏற்பாட்டையும் நானே எடுத்துவிட்டேன்.

என் பெயர் இளம்பரிதி. பாகூர் பக்கம் சொந்த ஊர். அப்பா கரும்பு போடுகிறவர். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியின் சரக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த எக்ஸ்டென்ஷன், அதாவது உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்ன நிரல், வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்தது. இலவசம்தான். பல ஊர்களில், பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். பெயர் ‘முழுப்பக்கம்’. அந்தப் பெயரை வைத்தது பொலின்.

பொலின் என் மனைவி. இறந்துவிட்டாள்.

அவள் அப்பா மொரீஸ், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகன் துலூஸில் இருக்கிறான். மகளையும் அங்கே அனுப்புவதாகத்தான் இருந்தார். அவள் போகவில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, இங்கே ஒரு நர்சிங் ஹோமில் ரிசப்ஷனில் வேலை பார்த்தாள். நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கும் அதே நர்சிங் ஹோம்தான்.

அங்கே வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். அவர்களுக்குச் சொந்தமாக லேப் கிடையாது. ரத்தம் எடுத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்புவார்கள். லேப், ரிசல்ட்டைத் தன் இணையதளத்தில் போடும். ரிசப்ஷனில் இருப்பவர் தன் பெயரில் உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் திறப்பார். டாக்டர் சுப்பிரமணியன் காலையில் மட்டும் வருவார். மற்ற நேரத்தில் ரிசல்ட்டை அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் திரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கோணலாக, வரிவரியாகக் கோடு விழுந்து, எழுத்தே தெரியாது. டாக்டர் திட்டுவார். பொலின்தான் அந்தக் கம்ப்யூட்டரில் என் எக்ஸ்டென்ஷனைப் போட்டாள். எங்க வீட்டுக்காரர் செஞ்சது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவளோடு வேலை பார்த்த துர்காவுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

துர்கா பிள்ளைச்சாவடிப் பெண். பஸ்ஸில் வந்து போவாள். பொலினை அக்கா என்பாள். அதனால் நான் மாமா.

முழுப்பக்கத்தை ஒரே மூச்சில் படம் பிடிக்க முடியாது. சுவரொட்டி ஒட்டுகிறவர் தாள்களை விளிம்பு பார்த்து ஒட்டுகிறாரே, அது மாதிரிதான். திரை அளவுக்கு ஒரு துண்டு எடுப்பது, பக்கத்தை உருட்டுவது, அடுத்த துண்டு எடுப்பது, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டுவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சில இணையதளங்களில் மேலே ஒரு பட்டை இருக்கும். கம்பெனி பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தை உருட்டினாலும் அந்தப் பட்டை நகராது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதுவே உட்கார்ந்திருக்கும். ஒட்டிய படத்தில் நடுநடுவே அதே பட்டை வரும். அதன் அடியில் இருக்க வேண்டிய வரி இருக்காது.

இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் பட்டையை மறைத்துவிட்டால் போதும். அதற்கான திருத்தத்தை எழுதியே வைத்திருந்தேன். வெளியிடவில்லை. படத்தைச் சுற்றி மெல்லிய நிழல் விழுவது மாதிரி ஒரு வசதி செய்துகொண்டிருந்தேன். அது முடிந்ததும் இரண்டையும் ஒரே அப்டேட்டாக விடலாம் என்று இருந்தேன். அடிக்கடி அப்டேட் விட்டால் பயன்படுத்துகிறவர்களுக்கு எரிச்சல்.

பொலினுக்குச் சின்ன வயதிலிருந்தே சிறுநீரகத்தில் கோளாறு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவாள். போன மழைக்காலத்தில் வாந்தியும் பேதியுமாக ஆகி, அவள் வேலை பார்த்த இடத்திலேயே சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். அன்று ரிசப்ஷனில் துர்கா. ரிசல்ட் வந்ததும் டாக்டருக்கு அனுப்பினாள். ஒன்றும் பயமில்லை, டிரிப்ஸ் ஏறட்டும், காலையில் பார்க்கிறேன் என்று அவர் சொன்னார். துர்காவே ஓடிவந்து அறையில் சொன்னாள். பொலின் சிரித்தாள். விடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது. நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன். தூங்கிவிட்டிருந்தேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது மொரீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, எம்மா பெரிய சண்டைலாம் பாத்துட்டு வந்தவன் நானு. எவனாவது செத்தா, யாரால செத்தான்னு ஒரு பதில் இருக்கும். எம்பொண்ணு யாரால செத்தா?”

கேள்வி நியாயமானது. யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

துர்காவிடம் அன்று டாக்டருக்கு அனுப்பிய படத்தைக் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அழுதுகொண்டே அனுப்பினாள். பொலினின் பாஸ்வேர்டில் லேபின் பக்கத்தைத் திறந்து, படத்தோடு வைத்துப் பார்த்தேன். லேபின் பக்கத்தில் பொட்டாசியம் என்ற வரி சிவப்பு எழுத்தில் இருந்தது. அளவு மீறினால் லேப் சிவப்பில் காட்டும். அந்த அளவுக்கு அது ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றும், உடனே தெரிந்தால் ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படத்தில் அந்த இடத்தில் லேபின் பட்டை இருந்தது. பெயர், போன் நம்பர், ஒரு இதயத்தின் படம்.

டாக்டர் மேல் தப்பு சொல்ல முடியாது. படத்தில் இல்லாததை அவர் எப்படிப் பார்ப்பார். லேப் மேலும் தப்பு இல்லை. அவர்கள் சிவப்பிலேயே காட்டியிருக்கிறார்கள். மிஞ்சியது துர்கா. பக்கமும் படமும் இரண்டுமே அவள் கண் முன்னால் இருந்தன. படத்தின் நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு பட்டை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். அவள் பார்க்கவில்லை. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வருகிற விடை அது.

அதன் பிறகு அப்டேட்டை வெளியிட்டேன். பட்டையை மறைக்கும் திருத்தம் அதில் இருந்தது. நிழல் வசதியை எடுத்துவிட்டேன். பலர் நன்றி சொல்லி எழுதினார்கள்.

எந்த இணையதளத்தில் எதை மறைக்க வேண்டும் என்பதை என் எக்ஸ்டென்ஷன் என்னுடைய சர்வரில் போய்க் கேட்டுக்கொள்ளும். ஒவ்வொரு தளத்திலும் பட்டைக்கு வேறு பெயர் இருக்கும் அல்லவா. அதற்காகச் செய்த ஏற்பாடு. இந்தத் தளத்தில் இந்தப் பட்டையை மறை என்று ஒரு விதி எழுதிவைத்தால் போதும். அந்த லேபின் தளத்துக்கும் ஒரு விதி எழுதினேன். பிறகு, அதன் கீழேயே இன்னொன்று எழுதினேன். பக்கத்தின் மேலே, லாகின் செய்திருப்பவர் பெயர் துர்கா என்று இருந்தால், பொட்டாசியம் வரி சிவப்பில் இருந்தால், படம் எடுக்கும் நேரத்துக்கு அந்த வரியையும் மறை.

சிவப்பில் இல்லாவிட்டால் வரியை விட்டுவைத்தேன். அநாவசியமாக யாருக்கும் தொல்லை கூடாது.

இப்போது பட்டை எதுவும் குறுக்கே வராது. கீழே இருக்கும் வரிகள் மேலே நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். படம் பார்க்க அழகாக இருக்கும். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பக்கத்தையும் படத்தையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் அவளிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அவள் ஒரே ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், அன்றும் பார்த்திருக்க முடியும் என்று அவளுக்கே புரியும். அத்தோடு விதியை எடுத்துவிடுவதாக இருந்தேன்.

விதி வேலை செய்யும்போதெல்லாம் என் போனுக்கு ஒரு தகவல் வரும்படி வைத்திருந்தேன்.

முதலில் சில தடவை வந்தது. ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு என்றால் எல்லாமே சாவு அல்ல. சிலருக்குக் கொஞ்சம்தான் கூடியிருக்கும். தானாக இறங்கியிருக்கும். யாருக்கும் தெரியவில்லை. துர்காவுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் போன் அதிரும்போது கைவேலையை நிறுத்திவிடுவேன். இப்போதாவது பார்க்கிறாளா என்று காத்திருப்பேன். கம்பெனியில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது. பிறகு வேலைக்குத் திரும்புவேன்.

துர்கா என்னை அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொலினின் பொருள்கள் ரிசப்ஷன் டிராயரில் அப்படியே இருக்கின்றன, வந்து எடுத்துப்போங்கள் என்று. ஆடி மாதம் ஒரு மதியம் போனேன்.

ஒரு ஸ்வெட்டர், டிபன் டப்பா, மாதா படம் போட்ட சாவிக்கொத்து. துர்கா எல்லாவற்றையும் துடைத்து ஒரு துணிப்பையில் போட்டுவைத்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லி, காபி வாங்கிவரச் செய்தாள். எதிரே பெஞ்சில், கையில் டிரிப்ஸ் ஊசி குத்தியபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சின்னப்பொண்ணு பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே படுக்கச் சொன்னாலும் பெரியவர் கேட்கவில்லை. காற்று வரவில்லை என்று வெளியே வந்துவிட்டார்.

“என்னா பாப்பா, என் ரத்தம் என்னா சொல்லுது? உள்ள ரத்தம் ஓடுதா, டீசல் ஓடுதா?”

“இப்பதான் லேப்ல போட்டிருக்காங்க. டாக்டருக்கு அனுப்பிட்டுச் சொல்றேன். உள்ள போய்ப் படுங்க தாத்தா.”

“தாத்தாவா? ஏ சின்னப்பொண்ணு, கேட்டுக்கினியா, என்னைப் போயி தாத்தாங்குது.”

“பின்ன என்னா, மாப்ளேன்னு கூப்புடுமா? வாயை மூடிக்கினு பாட்டில ஆட்டாம உக்காரு” என்றார் அந்த அம்மாள்.

துர்கா சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரை பாதி தெரிந்தது. அவள் நீலக் கட்டத்தை அழுத்தினாள். பக்கம் தானாக உருண்டு இறங்கி நின்றது. படம் வந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். டாக்டருக்கு அனுப்பினாள். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

முன்பெல்லாம் அது வெறும் தகவல். இப்போது எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி யாரு?” என்று அவர் கேட்டார்.

“இங்க இருந்தாங்கல்ல பொலின் அக்கா, அவங்க வீட்டுக்காரரு” என்று துர்கா மெதுவாகச் சொன்னாள்.

“அடடா. அந்தச் செவப்புப் பொண்ணா? போன வருசம் எனக்கு வீல் சேர் தள்ளிக்கினு வந்துச்சே.” அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சாப்ட்டியா தம்பி?”

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அவர் பெயர் சாமிக்கண்ணு என்றும், வீராம்பட்டினத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர் என்றும், சர்க்கரை உண்டு என்றும், இரண்டு நாளாக வாந்தி என்றும் அவராகவே சொன்னார். வெள்ளிக்கிழமை தேர். அவர் இல்லாமல் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட ஆள் சரியாக நிற்காது என்பது அவர் எண்ணம். டாக்டரிடமிருந்து துர்காவுக்குப் பதில் வந்தது.

“ஒண்ணும் பயமில்லையாம் தாத்தா. உப்புலாம் சரியா இருக்காம். இன்னொரு பாட்டில் ஏத்திட்டு காலையில பாக்குறாராம்.”

“நான்தான் சொன்னேன்ல. இந்த உடம்பு கடல் தண்ணியில ஊறுனது. உப்பு ஏறுனாதான் ஓடும்.”

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மன் பெயரைச் சொன்னார்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் துர்காவுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். அவரை உள்ளே கூட்டிப்போன பிறகு, மேசைக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“துர்கா, நீ அனுப்புற படத்தை லேப் பக்கத்தோட வெச்சுப் பாப்பியா?”

“எதுக்கு மாமா?”

“எதாவது விட்டுப்போயிருந்தா?”

“அதெப்படி விட்டுப்போவும்? முன்னதான் பட்டை பட்டையா வரும். நீங்க சரி பண்ணதுலேர்ந்து ஒரு தொந்தரவும் இல்ல. அக்கா இருந்திருந்தா எம்மா பெருமைப்பட்டிருக்கும்.” அவள் கண் கலங்கியது. “பேரே முழுப்பக்கம்னு வெச்சிருக்கீங்க. அப்புறம் நான் வேற பாக்கணுமா?”

அதற்கு மேல் ஒருவர் என்ன சொல்ல முடியும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பீச் ரோட்டில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். போன் கையில் இருந்தது. விதியை அங்கிருந்தே எடுத்திருக்கலாம். ஆனால் எடுத்து என்ன பயன், படம் போய்விட்டது. ஒரு போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்திருக்கலாம். நர்சிங் ஹோம் நம்பர் எனக்கு மனப்பாடம். யார் என்று சொல்லிப் பேசுவது, எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவருக்கும் கொஞ்சமாகத்தான் கூடியிருக்கும் என்றும் யோசித்தேன். இதற்கு முன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. துர்கா திரையை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது என்றும் யோசித்தேன். நான் கேட்ட கேள்வி அவள் மனதில் உறுத்தும். உறுத்தினால் பார்ப்பாள். பார்த்தால் டாக்டரைக் கூப்பிடுவாள். எல்லாம் அவள் கையில்தான் இருந்தது. வெயில் இறங்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை.

தேர் நாள் வருவதற்கு முன்பே சாமிக்கண்ணுவை அடக்கம் செய்துவிட்டார்கள். வீராம்பட்டினத்து ஆட்கள் வண்டி வண்டியாக வந்து நர்சிங் ஹோம் வாசலில் நின்றார்கள். மற்றது உங்களுக்குத் தெரியும். லேபின் பக்கத்தில் சிவப்பு வரி இருக்கிறது, டாக்டர் போனில் இல்லை. நடுவில் இருந்தது துர்கா. வரியை அவளே வெட்டி அனுப்பிவிட்டாள் என்று முதலாளி சொன்னார். உங்களிடம் வந்த புகாரில் அவள் பெயர் இருக்கிறது. அவர் இறந்த அன்றே என் விதியை எடுத்துவிட்டேன். உங்கள் ஆட்கள் அந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்தபோது எல்லா வரியும் ஒழுங்காக வந்தது அதனால்தான்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அப்படியே இருந்திருக்கலாம். நான் ஏன் இங்கே வந்தேன் என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை. நேற்று துர்கா என் வீட்டுக்கு வந்தாள்.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். முகம் இளைத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினாள்.

“மாமா, நான் வெட்டல. எம்புள்ள மேல சத்தியமா வெட்டல. எனக்கு வெட்டவே தெரியாது மாமா. உங்க பட்டனைத்தான் அமுக்குனேன். நீங்களும் பாத்துக்கினுதானே இருந்தீங்க?”

“பார்த்தேன்.”

“ஸ்டேஷன்ல வந்து அத மட்டும் சொல்லுங்க. மிசின் கோளாறுன்னு நீங்க சொன்னா நம்புவாங்க. செஞ்சவரே சொல்றாருல்ல. நான் ஜெயிலுக்குப் போனா எம்புள்ளைக்கு யாரு மாமா?”

“கோளாறு இல்லை துர்கா. சோதிச்சுப் பார்த்துட்டாங்க.”

அவள் போனில் ஒரு படத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். சாமிக்கண்ணுவின் படம் என்று நினைத்தேன். பொலினுடையது.

“இதுலயும் அதே வரிதான் இல்ல. ராத்திரியெல்லாம் பழசு ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். அக்காவுக்கும் இந்தப் பொட்டாசியம்தான் இல்ல. அக்காவ இதுதான் சாவடிச்சிருக்கு. ரெண்டும் ஒரே கோளாறு மாமா. உங்க முழுப்பக்கத்துலதான் இருக்குது.”

நான் படத்தின் நடுவில் இருந்த பட்டையைப் பார்த்தேன்.

“வரி காணாம போவுதுன்னு நான் முன்னயே அக்காகிட்ட சொன்னேனே. பட்டை வந்து மறைக்குதுக்கா, மாமாகிட்டச் சொல்லுன்னேன். சொல்லிட்டேன்னுச்சே. உங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை என்றேன்.

சொன்னாள். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பொலின் அடுப்படியில் நின்று தக்காளி நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் நிழல் வசதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

“பரிதி, உன் முழுப்பக்கத்துல வரி விட்டுப்போவுதாம். துர்கா சொல்றா.”

“படம் எடுக்கும்போது மவுஸை ஆட்டியிருப்பா. கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லு.”

“இல்லப்பா, நானும் பாத்தேன். கொஞ்சம் பாரேன். ஆஸ்பத்திரி விஷயம்.”

“பாக்குறேன், பாக்குறேன். அடுத்த அப்டேட்ல வரும்.”

“முசியேவுக்கு ரொம்ப வேலை” என்று பிரெஞ்சில் என்னை ஐயா ஆக்கிச் சிரித்தாள். அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது.

உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இரண்டும் ஒரே கோளாறு அல்ல என்பதைச் சொல்லத்தான் வந்தேன். பொலினின் படத்தில் பட்டை இருந்தது. சாமிக்கண்ணுவின் படத்தில் பட்டை இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாவது, ஒருவன் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதி. அந்த விதியின் நகல் இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. என் போனுக்கு வந்த தகவல்களும் இருக்கின்றன. துர்கா வெட்டவில்லை. அவளை அந்தப் புகாரிலிருந்து விட்டுவிடலாம். அது என்னுடையது.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கி, முழுப்பக்கத்தில் கோளாறு இருந்தது, அதனால் இரண்டு பேர் செத்தார்கள் என்று அவள் ஊரெல்லாம் சொன்னால், நாளைக்கு மொரீஸ் காதில் விழும். அவர் நம்புவார். மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார். அது உண்மையாக இருந்தால் பரவாயில்லை. உண்மை இல்லை. பட்டை அவள் கண் முன்னால் இருந்தது. பட்டை மறைக்கும் என்பது அவளுக்கு முன்னமே தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். தெரிந்த பிறகும் பார்க்காமல் அனுப்பினால் அதற்குப் பெயர் என்ன. தெரிந்தவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும், இரண்டு மரணங்களுக்கும் நானே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். சாமிக்கண்ணுவை நான் கொன்றேன். தெரிந்து, யோசித்து, தடுக்க முடிந்தும் தடுக்காமல் கொன்றேன். அதற்கு எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பொலினைக் கொன்றது துர்கா. அப்படி எழுதிக் கொடுங்கள் சார், போடுகிறேன். இல்லாவிட்டால் எதிலும் கையெழுத்து இல்லை; சாமிக்கண்ணுவையும் நான் கொல்லவில்லை.